அச்சுக்குப் போன கோப்பு

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய உருவங்களை எழுத்துரு போர்த்திக் காட்டுகிறது. கண்ணால் படிப்பவருக்கு அந்தப் போர்வையே போதுமானது. அச்சு இயந்திரத்துக்கும் அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. பார்வையற்ற ஒருவர் அதே கோப்பைத் திரைவாசிப்பான் கொண்டு திறக்கும்போது போர்வை விலகிவிடுகிறது. செயலியின் குரல் ஜே, கே, பி, ஓ என்று உச்சரிக்கிறது. அடுத்த சொல்லும் அப்படியே, அடுத்த பக்கமும் அப்படியே. தொண்ணூறுகளில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப் பதிப்புலகம் தன் நூல்களைப் பெரும்பாலும் இவ்வாறுதான் கோத்தது: பேஜ்மேக்கரில், பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒன்றின் மொழி இன்னொன்றுக்குப் புரியாத குறியீடுகளில். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் (யூனிகோடு) அதோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னும் பழைய எழுத்துருக்கள் பல டிடிபி மேசைகளை விட்டுப் போகவில்லை. பழகிய விசைப்பலகை, சேர்த்து வைத்த பக்க வார்ப்புகள், காசு கொடுத்து வாங்கிய எழுத்துருத் தொகுப்பு என்று அதற்குக் காரணங்கள் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான நூலகம் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது கட்டடம். சாய்தளம், அகலமான கதவு, மின்தூக்கி, தாழ்வான மேசை, பிரெய்ல் நூல்கள் அடுக்கிய ஓர் அறை. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை; சக்கர நாற்காலியில் வருபவரை மூன்று படிக்கட்டுகள் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் இன்றியமையாதவை. 2010இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தரைத்தளத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று பிரிவுகள் அமைந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் பார்வையற்ற வாசகர் உள்ளே வந்த பிறகு நடப்பதைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. மேல் தளங்களில் லட்சக்கணக்கில் நூல்கள் இருக்க, அவருக்குரியவை ஓர் அறைக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த அறையை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த விகிதம் மாறப்போவதில்லை, ஏனென்றால் அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு பக்கத்துக்கு மேல் நீளும். ஒரு நடுத்தர நாவலே பல தடித்த தொகுதிகளாகிவிடும். என் வாதம் இதுதான்: ஒவ்வொரு நூலுக்கும் தனியாக ஒரு கதவு இருக்கிறது, அந்தக் கதவு அதன் எழுத்துக் கோப்பு. நூலகம் ஒரு நூலை வாங்கும்போதே, அச்சுக்குப் போன அதே கோப்பை ஒருங்குறி வடிவில் சேர்த்து வாங்க வேண்டும். அதை வேண்டுகோளாக விடாமல், பொது நூலகங்களுக்கு நூல் வாங்க அரசு இடும் நூலக ஆணையின் நிபந்தனையாக்க வேண்டும்.

புத்தகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சென்னையில் நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அவருடைய இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாம் விதி. இவ்விரண்டையும் உலக நூலகவியல் முழுவதும் ஏற்றுக்கொண்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாக 1948ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பிறந்ததிலும் அவருடைய உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வரி கட்டுபவருக்குக் கண் தெரியுமா என்று எந்த உள்ளாட்சி அலுவலகமும் கேட்பதில்லை. பார்வையற்ற வீட்டுக்காரரும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகையின் உள்ளேயே கட்டிவிடுகிறார். அந்தப் பணத்தில் வாங்கிய நூலைத் தான் படிக்க முடிய வேண்டும் என்று அவர் கேட்பது, தான் கொடுத்த காசுக்கான பொருளைக் கேட்பது.

சட்டம் இந்த வாசகரை மறந்துவிட்டது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்துக்கு எந்த நூலையும் உரிமையாளரின் அனுமதி பெறாமலே மாற்றலாம் என்றது. தனி ஒருவர் சொந்தப் படிப்புக்காகச் செய்யலாம், அமைப்புகள் லாபநோக்கின்றிச் செய்யலாம். 2013 ஜூனில் மராகேஷ் நகரில் உலக நாடுகள் இதே நோக்கத்துக்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014 ஜூனில் அதை உறுதி செய்த முதல் நாடு இந்தியா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அச்சிலும் ஒலியிலும் மின்வடிவிலும் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அரசின் மீது பொறுப்பையும் சுமத்தியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு புதுத் தமிழ் நாவல் பார்வையற்ற வாசகரை எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். யாரோ ஒரு தன்னார்வலர் கடையில் புத்தகத்தை வாங்குகிறார், பக்கம் பக்கமாக வருடி எடுக்கிறார், எழுத்துணரிச் செயலியில் இடுகிறார், பிழை திருத்துகிறார். இன்னோர் ஊரில் இன்னொருவர் அதே நூலை மறுபடி தொடங்குகிறார். அச்சகத்துக்குப் போன கோப்பிலோ அந்த நாவல் முழுவதும், மெய்ப்புப் பார்த்த வடிவில், எழுத்துப் பிசகாமல் கிடக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் வேலை இது. சட்டம் அனுமதியைக் கொடுத்தது; அனுமதி என்பது வாசகரும் அவருக்கு உதவுபவரும் சுமக்கும் சுமை. கடமை என்று வந்தால்தான் சுமை நூலை உண்டாக்கியவரிடமும் வாங்கும் அரசிடமும் போய்ச் சேரும். இந்த வேறுபாட்டை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளில், அணுகல் பற்றிய 15ஆம் விதியின் முதல் பிரிவு வெறும் பரிந்துரைகளைக் கட்டாயத்தின் இடத்தில் வைத்திருக்கிறது, அது மூலச் சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது.

எழுத்துக் கோப்பு எதற்கு, நல்ல குரலில் ஒலிநூலாகப் பதிந்து கொடுத்தால் போதாதா என்று அக்கறையோடு கேட்பவர்கள் உண்டு. ஒலிநூலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கதையைக் கேட்பது தமிழுக்குப் பழைய இன்பம். ஆனால் கேட்பதும் படிப்பதும் ஒன்றாகிவிடுவதில்லை. செவி வழியே மட்டும் மொழியைப் பெற்ற மாணவருக்கு வன்மைக்கு எந்த ன, உண்மைக்கு எந்த ண, அறத்துக்கு எந்த ற என்று யார் சொல்வது? பேச்சில் ல, ள, ழ மூன்றும் பல ஊர்களில் நெருங்கிப்போய்விட்டன. எழுத்துதான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒருங்குறிக் கோப்பு கையில் இருந்தால் திரைவாசிப்பான் அதைக் குரலாக்கும். மின்பிரெய்ல் கருவி அதையே விரல் நுனியில் புள்ளிகளாக எழுப்பும், மங்கிய பார்வை உடையவருக்கு எழுத்து வேண்டிய அளவுக்குப் பெருகும், புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்ப இயலாதவருக்குப் பக்கம் தானே நகரும். ஒரு சொல்லைத் தேடலாம், அடிக்குறிப்புக்குப் போய்த் திரும்பலாம், ஓர் எழுத்தில் நின்று அது எந்த னகரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒலிப்பதிவில் இவற்றுக்கு வழியில்லை.

இங்கே தமிழ் எழுத்தின் ஓர் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தை அச்சில் பார்க்கிறோம்: கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். பழைய எழுத்துருக்கள் இந்த மூன்றையும் கண் காணும் வரிசையிலேயே சேமித்தன. தட்டச்சுப் பொறியின் வழி அது. பிரெய்ல் அப்படிச் செய்வதில்லை. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் 'கொ' என்பது ககரம், அதன் பின் ஒகரம். ஒருங்குறியிலும் அதே ஒழுங்கு: மெய்யின் குறி முதலில், உயிரின் குறி அடுத்து. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக நிற்கும் என்று தொல்காப்பியம் வகுத்ததும் இதைத்தான். ஆக, பார்வையற்றவரின் விரல் தொட்டுப் படிக்கும் தமிழும் கணினி சரியாகச் சேமிக்கும் தமிழும் இலக்கணம் அறிந்த தமிழும் ஒரே வரிசையில் நிற்கின்றன. விலகி நின்றது பழைய எழுத்துருதான். பார்வையற்றோருக்காகத் தமிழை வளைக்கச் சொல்கிறோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மொழியின் சொந்த ஒழுங்குக்குத் திரும்புவதே அவர்களுக்கும் போதுமானதாக இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, படத்தைக் காட்டினால் அதுவே படித்துவிடும், ஆகையால் கோப்பைப் பற்றிய கவலை காலாவதியாகிவிட்டது என்பது இப்போது அடிக்கடி கேட்கும் மறுப்பு. எழுத்துணரிகள் வியக்கத்தக்க அளவு முன்னேறியிருப்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 1,500 குறிகள் என்று கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகப் படிக்கும் கருவி பக்கத்துக்குப் பதினைந்து பிழை விடும். இருநூறு பக்க நூலில் மூவாயிரம். தமிழ் அச்சில் ககரமும் சுகரமும் உருவத்தில் நெருங்கியவை. ரகரமும் துணைக்காலும் அதைவிட நெருங்கியவை. கண்ணால் படிப்பவர் 'சுண்' என்று வந்தால் அது 'கண்' என்று ஊகித்துக் கடந்துவிடுவார். செயலியின் குரலைக் கேட்பவருக்கு அந்தச் சொல் கை நழுவிப் போகிறது. கவிதையிலோ சட்ட நூலிலோ அது போனால் வரியே போய்விடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில், யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ணை, லை, னை உருவங்கள் தடுமாற்றத்தைக் கூட்டுகின்றன. புதிய கருவிகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தெளிவாகத் தெரியாத இடத்தில் அவை பொருந்தும் ஒரு சொல்லைத் தாமே இட்டு நிரப்பிவிடும். மூல நூலைக் கண்ணால் ஒப்பிட முடியாத வாசகர் ஆசிரியரின் சொல் எது, கருவியின் சொல் எது என்று எப்படி அறிவார்? பழைய நூல்களுக்கு எழுத்துணரி வேண்டும், அதில் ஐயமில்லை. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் நாட்டுடைமை நூல்களை அதன் துணையோடு எழுத்தாக்கி, பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களைக் கையாலேயே தட்டச்சு செய்து ஏற்றியது. இவர்கள் செய்திருப்பது பெரும்பணி. சென்ற மாதம் கணினியில் கோத்த நூலுக்கும் இவர்களே உழைக்க வேண்டும் என்று விடுவது நியாயமில்லை.

பதிப்பாளர்களின் அச்சம் வேறு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எழுத்துக் கோப்பைக் கையை விட்டுக் கொடுத்தால் மறுநாளே ஊரெங்கும் பரவிவிடும் என்கிறார்கள். நூல்களின் திருட்டுப் படிகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுவது தமிழ்ப் பதிப்பாளர்கள் நித்தமும் படும் வேதனை. சில நூறு பிரதிகள் அச்சிட்டு விற்கும் ஒருவருக்கு அது பிழைப்பின் மீதே விழும் அடி. ஆனால் அந்தத் திருட்டுப் படிகள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் கைபேசியில் எடுத்த பக்கப் படங்களைக் கோத்த பிடிஎஃப்கள். கண் தெரிந்த திருடருக்குப் படமே போதும். எழுத்துக் கோப்பை மறைப்பதால் அவர் எதையும் இழக்கவில்லை. மறைப்பதால் இழப்பவர் பார்வையற்ற வாசகர் ஒருவர்தான். அதிலும், கோப்பைத் தெருவில் வைக்கச் சொல்லவில்லை. நூலகத் துறை அதைக் காப்பில் வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்று உடைய உறுப்பினருக்கு மட்டும் வழங்க வேண்டும். 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் சான்று பார்த்து உறுப்பினராக்கும் முறையில்தான் நூல்களைத் தருகிறது. முறை கையில் இருக்கிறது. அதில் தமிழ் நூல்கள் புதிது புதிதாகச் சேர வழிதான் வேண்டும்.

செலவைப் பற்றிய மறுப்பில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆசிரியர் அனுப்பிய வேர்டு கோப்பு இறுதி வடிவம் ஆகாது. கடைசித் திருத்தங்கள் பக்க வடிவமைப்பின்போது ஏறுகின்றன, எனவே வடிவமைத்த கோப்பிலிருந்துதான் எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். தலைப்புகளைத் தலைப்பென்று குறிக்க வேண்டும், அடிக்குறிப்புகளை இடம் மாறாமல் வைக்க வேண்டும், படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒரு நாள் வேலை, சில நூல்களுக்கு இரண்டு மூன்று நாள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியபோது மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. தமிழில் அதே விலக்கைக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாப் பதிப்பகங்களும் அதற்குள் வந்துவிடும், நூல்கள் வெளியே நின்றுவிடும். ஆகவே இங்கே விலக்குக்குப் பதில் ஊதியம் வேண்டும். நூலக ஆணையில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விலை போடப்படுகிறது. அதோடு கோப்புக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுப்பது துறைக்குப் பெரிய காரியமில்லை. முதலில் வேண்டுவது அலங்காரமான மின்னூல் இல்லை. ஒருங்குறியில், வரிசை கெடாத, தலைப்பு குறித்த ஓர் எளிய எழுத்துக் கோப்பு.

எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள் என்ற கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளையும், அவர்களில் பார்வைக் குறைபாடு உடையவராகச் சுமார் 1.27 லட்சம் பேரையும் காட்டியது. அப்போது கணக்கில் வராத பலவகைக் குறைபாடுகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் வந்திருக்கின்றன. எழுத்தைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. கேட்கும் திறன் இல்லாதவர்களின் தேவை முற்றிலும் வேறு. சைகை மொழியில் சிந்திப்பவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவர்களுக்குச் சைகை மொழிக் காணொளிகளும் சைகை அறிந்த நூலகரும் வேண்டும், அது தனியே எழுத வேண்டிய பொருள். இந்த எண்ணிக்கைகளை வைத்து, வயதாகிக் கண் மங்கும் நமக்கெல்லாமும் இது பயன்படும் என்று வாதிடுவது வழக்கம். உண்மைதான், பயன்படும். ஆனால் என் வாதத்தை அதன் மேல் கட்ட மாட்டேன். பெரும்பான்மைக்கும் லாபம் இருந்தால்தான் சிறுபான்மைக்கு உரிமை என்று அது மெல்லச் சொல்லிவிடுகிறது. ஒரு சிறுபத்திரிகை வாசகர் இதை எளிதில் உணர்வார். முந்நூறு பேர் வாங்கும் கவிதை நூலைப் பொது நூலகம் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டால் நாம் எண்ணிக்கையைக் காட்டி விடை சொல்வதில்லை. அந்த முந்நூறில் பார்வையற்ற ஒருவர் ஏன் இருக்க முடியவில்லை என்ற கேள்விக்கும் எண்ணிக்கை விடையாகாது.

கடமையாக்குவதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு, பள்ளிகளுக்குப் பாடநூல் வாங்கும் ஒப்பந்தத்திலேயே மூலக் கோப்பைத் தேசிய மையம் ஒன்றுக்கு அனுப்பும்படி பதிப்பாளரிடம் கேட்கிறார்கள். அதிலிருந்து பிரெய்லும் பிற வடிவங்களும் உருவாகின்றன. நம்மிடமும் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலையும் பதிப்பாளர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. சென்னை கன்னிமாரா அவற்றில் ஒன்று. எழுபது ஆண்டுகளாகத் தாள் பிரதியைக் கேட்ட சட்டம் கோப்பையும் கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூலகங்களுக்காக நூல் வாங்கும் அரசுதான் பல தமிழ்ப் பதிப்பகங்களுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் கொடுப்பார். இங்கே சேரும் கோப்பு இங்கேயே முடங்கவும் வேண்டியதில்லை. இலங்கை, சிங்கப்பூர், கனடா ஆகியவையும் மராகேஷ் உடன்படிக்கையில் இருக்கின்றன, எல்லை தாண்டிக் கோப்பை அனுப்ப அது வழிவகுக்கிறது. சென்னையில் ஒருமுறை சரியாகச் செய்த நூல் யாழ்ப்பாணத்துப் பார்வையற்ற மாணவிக்கும் போகலாம்.

எஞ்சுவது பழைய கோப்புகளின் கதி. ஈய அச்சில் கோத்த நூல்களுக்குத் தாளைத் தவிர வேறு சுவடு இல்லை. எழுத்துகளை மறுபடி எழுத்துப் பெட்டியின் அறைகளில் கலைத்துப் போட்டார்கள், தேய்ந்தவற்றை உருக்கினார்கள். ஆனால் தொண்ணூறுகளில் தொடங்கிய அந்த இருபது ஆண்டு நூல்கள், பாமினியிலும் வானவில்லிலும் சிக்கியிருந்தாலும், எழுத்துகளாகவே இருக்கின்றன. பாமினியில் ஜே என்றால் அது தகரம்தான். அட்டவணையை வைத்து மாற்றினால், நடுவே வரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறியும் சிறு வேலையைத் தவிர, எந்த எழுத்துணரியும் தர முடியாத துல்லியத்தோடு முழு நூலும் ஒருங்குறிக்கு வந்துவிடும். அந்தக் கோப்புகள் இப்போது ஃபிளாப்பிகளிலும் குறுந்தகடுகளிலும் பதிப்பகங்களின் பின்னறை அலமாரிகளிலும், கடையை மூடிவிட்ட டிடிபிக்காரர்களின் வீடுகளிலும் கிடக்கின்றன. குறுந்தகட்டின் பூச்சு உரிந்து வருகிறது. ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. எந்தத் தகட்டில் எந்த நூல் என்று தெரிந்த மனிதர்களுக்கு வயதாகிறது. நூலகத் துறை அடுத்த கொள்முதல் சுற்றோடு பதிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தத் தகடுகளை இருக்கிற நிலையிலேயே கொண்டுவந்து தரும்படி கேட்கலாம்.